வயிறு நிறையச் சாப்பிடுங்க... எடையும் குறையட்டும்!

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் வேங்கிக்கால் பக்கம் வேலூர் ரோட்டில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி பூரா 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிவிட்டு வீடு திரும்புகிற கூட்டம் அது. கால் கெஞ்சுகிறது, கண் எரிகிறது, வயிறு மட்டும் 'எனக்கு ஏதாவது போடு' என்று அதிகாரம் பண்ணுகிறது. டீக்கடை வாணலியில் போண்டா மிதந்துகொண்டிருக்கிறது.

"பதினாலு கிலோமீட்டர் நடந்திருக்கோம். ரெண்டு போண்டா தின்னா என்ன ஆயிடப் போவுது?"

ஒன்றும் ஆகாது, தாராளமாகத் தின்னுங்கள். ஆனால், "மாசாமாசம் கிரிவலம் வர்றேன், அப்பவும் எடை குறையலையே" என்று மட்டும் வருத்தப்படாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மலையை ஒரு சுற்று வந்தால் ஏறக்குறைய 650 கலோரி செலவாகும். அந்த நாலு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கக் கூடியதைக் கழித்தால் கைக்கு நிற்பது 400, 450 கலோரிதான். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. ஆக, வருஷம் முழுக்க 12 பௌர்ணமியும் விடாமல் சுற்றினாலும் கணக்குப்படி ஒரு கிலோகூட முழுசாகக் கரையாது. மலையைச் சுற்றுவது மனசுக்கு. அதை எடைக் கணக்கில் எழுதாதீர்கள்.

எடைக் கணக்கு எழுதப்படுகிற இடம் வேறு. அது உங்கள் அடுக்களை.

"நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லீங்க..."

குண்டாக இருக்கிற பெண்மணி யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவர் சொல்வது பாதி உண்மை. அவருடைய ஒரு நாளைப் பாருங்கள்.

காலையில் எழுந்ததும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. பிள்ளைகளை ஸ்கூலுக்கும், வீட்டுக்காரரைக் கலெக்டர் ஆபீசுக்கும் அனுப்புவதற்குள் மணி ஒன்பதரை. 'எடையைக் குறைக்கணும்' என்று டிபன் கிடையாது. பதினொரு மணிக்குக் கை நடுங்க, மறுபடி ஒரு காபி, கூடவே நாலு பிஸ்கட். மத்தியானம் இரண்டு மணிக்குப் பசி மண்டைக்கு ஏற, தட்டு நிறையச் சோறு, மிச்சமிருக்கிற குழம்பு. பொரியல் காலையிலேயே டிபன் பாக்ஸ்களுக்குப் போயாச்சு! நாலு மணிக்கு டீ, தெருமுனையிலிருந்து வந்த பஜ்ஜி. ராத்திரி, பிள்ளைகள் பாதியில் விட்ட தோசை. 'வீணாப் போகுதே' என்று அதையும் வாயில் போட்டுக்கொள்கிறார்.

அவர் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டது ஒரே ஒரு வேளை. ஆகவே 'ஒண்ணுமே சாப்பிடலை' என்று அவர் சொல்வது நியாயம்தான். ஆனால் உள்ளே போனது என்ன? சர்க்கரை, மைதா, சோறு, எண்ணெய். மூன்று கப் காபி, டீயில் கப்புக்கு இரண்டு ஸ்பூன் வீதம் சேர்ந்த சர்க்கரை மட்டுமே 120 கலோரி. வயிறு நிறையவில்லை, கலோரி நிறைந்துவிட்டது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில், 2015-16-ல், இது 31. ஆண்கள் சிரிக்க வேண்டாம், அவர்கள் நூற்றுக்கு 37!

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமா? நம் இந்திய உடம்புக்கு வெள்ளைக்காரர்களைவிட அளவு கொஞ்சம் கண்டிப்பு. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் இரண்டு முறை அதால் வகுங்கள். 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் பருமன். 158 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் என்றால் 57 கிலோவுக்கு மேல் ஜாக்கிரதை, 62-க்கு மேல் நடவடிக்கை. இந்த வகுத்தல் எல்லாம் வேண்டாம் என்றால் தையல்காரர் டேப்பை எடுங்கள். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்குள் இருக்க வேண்டும்.

எது வயிற்றை நிறைக்கும்?

பட்டினி கிடந்து எடையைக் குறைப்பவர்கள் தோற்பதற்குக் காரணம் மன உறுதி இல்லாததல்ல. பசி பொல்லாதது. அதனோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் குறைவு. அதை ஏமாற்றவும் வேண்டாம், நியாயமாக நிறைத்துவிட்டால் போதும். எதனால் நிறைப்பது என்பதுதான் விஷயம்.

இதை 1995-ல் ஆஸ்திரேலியாவில், சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் சோதித்துப் பார்த்தார்கள். 38 வகை உணவு. ஒவ்வொன்றிலும் சரியாக 240 கலோரி வருகிற அளவு. சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை 'பசிக்கிறதா?' என்று கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மார்க் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு மார்க் போட்டார்கள்.

முதல் ரேங்க் யாருக்குத் தெரியுமா? நம் வீடுகளில் 'குண்டாக்கும்' என்று ஒதுக்கி வைக்கிற உருளைக்கிழங்குக்கு! வெறுமனே வேகவைத்தது 323 மார்க் வாங்கியது. அதே கிழங்கை எண்ணெயில் பொரித்ததும் 116-க்கு இறங்கிவிட்டது. மீன் 225, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197, முட்டை 150. அரிசிச் சோறு 138. கேக்குக்கு வெறும் 65. அதாவது, அதே கலோரியைக் கேக்காகச் சாப்பிட்டால் கொஞ்ச நேரத்திலேயே மறுபடி பசிக்கும். ஒவ்வொரு உணவையும் சோதித்தது பத்துப் பதிமூன்று பேர்தான், இட்லி தோசை அந்தப் பட்டியலில் இல்லவும் இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. தண்ணீரும், நார்ச்சத்தும், புரதமும் அதிகமாக இருக்கிற உணவு வயிற்றை நிறைக்கிறது. கொழுப்பு அதிகமானால் நிறைவு குறைகிறது.

தண்ணீர் என்றதும், 'சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிடறேன்' என்று கிளம்பிவிடாதீர்கள். 1999-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்பரா ரோல்ஸ் குழு ஒரு வேடிக்கையான சோதனை செய்தது. கோழியும் அரிசியும் காயும் சேர்ந்த ஒரு பதார்த்தம். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நாள் அதை அப்படியே கொடுத்தார்கள். ஒரு நாள் அதோடு ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தார்கள். இன்னொரு நாள் அதே டம்ளர் தண்ணீரை அதிலேயே ஊற்றி சூப்பாகக் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். தனியாகக் குடித்த தண்ணீரால் ஒரு வித்தியாசமும் இல்லை. சூப் குடித்த நாளில் மட்டும் அந்தப் பெண்கள் அடுத்து வந்த சாப்பாட்டில் சுமார் 100 கலோரி குறைவாகச் சாப்பிட்டார்கள்.

படிக்கும்போது உங்களுக்கு ரசம் ஞாபகம் வரவில்லையா? கூழ் ஞாபகம் வரவில்லையா? ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழில் இரண்டு சொம்பு குடித்துவிட்டு மத்தியானம் வரை பசியில்லாமல் வேலை பார்த்தார்களே, அந்தக் காலத்து மனுஷர்கள்... மாவு ஒரு பிடி, மிச்சமெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீர் உணவுக்குள் இருந்தது, அவ்வளவுதான் சூட்சுமம்.

சாமை சாப்பிட்டா இளைச்சுடுமா?

இந்தக் கேள்வியை வேங்கிக்காலில் கேட்காமல் வேறு எங்கே கேட்பது? போளூர் வழியாக ஏறினால் ஜவ்வாது மலை, சாமைக்குப் பேர் போன இடம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அங்கே உருவான சாமை, கேழ்வரகு ரகங்களுக்கு 'அத்தியந்தல்' என்றே ஊர்ப் பெயரை வைத்திருக்கிறார்கள். ஐ.நா. சபை 2023-ஐ சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடைக்குக் கடை சாமையும் வரகும் தொங்குகின்றன. ரொம்ப சந்தோஷம்.

ஆனால் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட உணவு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராம் பச்சரிசியில் 356 கலோரி, சாமையில் 346. பத்தே பத்து கலோரிதான் வித்தியாசம்! 'சாமைதானே' என்று நாலு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொண்டால் எடை ஏறத்தான் செய்யும்.

பிறகு எதற்குச் சாமை? நார்ச்சத்துக்கு. அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை. சாமையில் ஏறக்குறைய 8 கிராம். கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். இதனால் கொஞ்சம் சாப்பிட்டதும் போதும் என்கிறது வயிறு, அடுத்த வேளை வரை தாங்குகிறது. அதுவும் தவிட்டை முழுசாகத் தீட்டாத சாமையாக இருந்தால்தான். பளபளவென்று வெள்ளையாகத் தீட்டிய சாமையை வாங்கினால், காசு கூடுதலாகக் கொடுத்து வேறு ஒரு அரிசியை வாங்கியதாகத்தான் அர்த்தம். கடைக்காரரிடம் கேட்டு, கொஞ்சம் மங்கலாக இருப்பதை வாங்குங்கள்.

ஆரணி அரிசி விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு சோற்றையே விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. விடவும் வேண்டாம். அளவைத் திருப்பிப் போட்டால் போதும்.

தட்டைத் திருப்பிப் போடுங்க

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2024-ல் ஒரு நாளைக்கு 2,000 கலோரிச் சாப்பாட்டுக்கு ஒரு தட்டு வரைந்து காட்டியது. அதில் தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். காய்கறியும் கீரையும் 400 கிராம்! பருப்பு வகை 85 கிராம். நம் வீட்டில் எப்படி? சோறு மலை, அதன் அடிவாரத்தில் ஒரு ஸ்பூன் பொரியல்.

மத்தியானத்துக்கு இப்படிப் பரிமாறிப் பாருங்கள். முதலில் தட்டில் பாதிக்குக் காய் - புடலங்காய்க் கூட்டு, பீன்ஸ் பொரியல், எதுவானாலும். இன்னொரு கால் பங்குக்குக் கெட்டியான பருப்பு, கீரை கடைசல், முட்டை அல்லது மீன். கடைசியாக மிச்சமிருக்கிற கால் பங்கில் சோறு. இதே வரிசையில் சாப்பிடவும் ஆரம்பியுங்கள். சோறு கைக்கு வரும்போது பாதிப் பசி அடங்கியிருக்கும்.

கீரை கடைசல் நம்ம வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒரு திருத்தம். ஒரு கட்டுக் கீரைக்கு ஒரு பிடி பாசிப்பருப்புப் போடுகிற இடத்தில் அரை டம்ளர் போடுங்கள். பச்சை மிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, கொஞ்சம் புளி சேர்த்து வேகவைத்து, மத்தால் கடைந்து, ஒரே ஒரு ஸ்பூன் எண்ணெயில் தாளியுங்கள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள என்பது போய், கடைசலுக்குச் சோறு தொட்டுக்கொள்வது என்று ஆகிவிடும்.

சாமையைப் பழக்கப்படுத்த நல்ல வழி, காய் போட்ட சாமைப் பொங்கல். நாலு பேருக்கு ஒரு டம்ளர் சாமை (150 கிராம்), முக்கால் டம்ளர் பாசிப்பருப்பு, பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், சுரைக்காய், பட்டாணி எல்லாம் சேர்த்து மூன்று டம்ளர். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, காயை வதக்கி, ஏழு டம்ளர் தண்ணீர் ஊற்றி, சாமையும் பருப்பும் போட்டு குக்கரில் நாலு விசில். குழைவாக, இளக்கமாக வரும். ஒருவருக்கு 270 கலோரிதான், ஆனால் புரதம் 12 கிராம். கிண்ணம் நிறைய வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மேலே ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள்.

காலை டிபனைத் தவிர்ப்பதுதான் பதினொரு மணி பிஸ்கட்டுக்கு வாசலைத் திறந்துவிடுகிறது. இட்லியே சாப்பிடலாம். இட்லி குற்றவாளி இல்லைங்க! மூன்று இட்லி, ஒரு பெரிய கிண்ணம் காய் போட்ட சாம்பார். குற்றவாளி யார் என்றால், இட்லிப் பொடியில் குழி பறித்து ஊற்றுகிறோமே நல்லெண்ணெய், அதுதான். ஒரு மேஜைக் கரண்டியில் 120 கலோரி. கிட்டத்தட்ட இரண்டு இட்லிக்குச் சமம், வயிற்றில் இருக்கிற இடமே தெரியாது. இட்லி அலுத்துப்போனால் பச்சைப் பயறு தோசை. அல்லது மூன்று ஸ்பூன் கேழ்வரகு மாவில் கூழ், தயிரைக் கடைந்து ஊற்றி, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு. கூழில் புரதம் குறைவு என்பதால் கூடவே ஒரு அவித்த முட்டை அல்லது சுண்டல் அவசியம். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குக் கூழ், கஞ்சியைவிட அதே மாவில் முருங்கைக்கீரை அடை நல்லது. நீர்க்கக் கரைத்த மாவு சீக்கிரம் சர்க்கரையாக மாறிவிடும்.

நாலு மணி எமகண்டம்

உண்மையில் எடை ஏறுகிற நேரம் சாப்பாட்டு நேரம் இல்லை. நாலு மணி! மழை தூறினால் கேட்கவே வேண்டாம்.

நம்ம ஊர் மல்லாட்டைக்கு இங்கே வருவோம். வேர்க்கடலையில் கொழுப்பு இருக்கிறதே என்று பயப்படாதீர்கள், அளவு தெரிந்து தின்றால் நல்ல சரக்கு. வறுத்தது ஒரு பிடி, 30 கிராம், ஏறக்குறைய 160 கலோரி. ஆனால் வறுத்த கடலையை ஒரு பிடியோடு நிறுத்தியவரை நான் பார்த்ததில்லை. அதனால் தோலோடு உப்புப் போட்டு அவியுங்கள். அவித்ததில் தண்ணீர் ஏறியிருக்கும், ஒவ்வொன்றாக உரித்துத் தின்னவும் நேரமாகும். அதற்குள் 'போதும்' என்கிற சேதி மூளைக்குப் போய்விடும். உரித்துத் தட்டில் கொட்டி டி.வி. முன்னால் வைத்துக்கொண்டால் இந்தப் பிரயோஜனம் போச்சு.

சுண்டல் நவராத்திரிக்கு மட்டும் என்று யார் சொன்னது? காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை, பச்சைப் பயறு என்று மாற்றி மாற்றி ராத்திரி ஊற வைத்துவிட்டால் மறுநாள் ஆச்சு. ஒரு ஆளுக்கு 40 கிராம் காய்ந்த பயறு போதும், ஊறி வெந்தால் கிண்ணம் நிறையும். 130 கலோரிக்கு 8, 9 கிராம் புரதம். தேங்காய் ஒரு ஸ்பூனோடு நிற்கட்டும்.

பழம் என்றால் கொய்யா. 100 கிராமில் 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. ஜூஸ் போடாதீர்கள், கடித்துத் தின்னுங்கள். வெள்ளரிப் பிஞ்சு, மோர், சீசனில் நுங்கு, இவையெல்லாம் நம் வெயிலுக்கென்றே வந்தவை.

'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பழமொழி சொல்கிறது. அதை நம்பி, கொள்ளை வேகவைத்துத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அட, சத்தெல்லாம் கொட்டினதில் அல்லவா போகிறது! கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. ஆனால் 100 கிராமில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் இருப்பதால் வயிற்றை நன்றாக நிறைக்கும். ராத்திரி ஊறவைத்து, குக்கரில் ஐந்து விசில் விட்டு, பாதிக் கொள்ளை மசித்து ரசத்திலேயே கலந்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இந்த ரசம் ஒரு பெரிய டம்ளர். அந்த அமெரிக்கச் சோதனையை நம் வீட்டிலேயே செய்து பார்த்த மாதிரி ஆகும். பிறகு இரண்டு கேழ்வரகு அடையோ, ஒரு கிண்ணம் சாமைப் பொங்கலோ தாராளம். தேனும் எலுமிச்சையும் கலந்த வெந்நீரும் இதே கதைதான். குடித்தால் கெடுதல் இல்லை, கரைப்பதும் இல்லை. தேன் ஒரு ஸ்பூன் 20 கலோரி.

கடைசியில் சாப்பிடுகிறவருக்கு என்ன மிச்சம்?

இதுவரை சொன்னது எல்லாம் எளிது. எளிதில்லாத ஒன்று இருக்கிறது.

நம் வீடுகளில் சமைத்தவர் கடைசியில் சாப்பிடுகிறார். அவர் உட்காரும்போது பாத்திரங்களில் என்ன இருக்கும்? சோறு இருக்கும். சோறு எப்போதும் மிச்சம் இருக்கும், குறையக் கூடாது என்று ஒரு பிடி கூடவே வைப்பதுதானே வழக்கம். சாம்பாரில் மேலாகத் தெளிந்த தண்ணீர் இருக்கும், அடியில் இருந்த பருப்பு முதலில் உட்கார்ந்தவர்களுக்குப் போயிருக்கும். பொரியல் சட்டியில் நாலு துணுக்கு. மீன் குழம்பு என்றால் குழம்பு மட்டும்.

ஆக, வீட்டிலேயே புரதமும் நார்ச்சத்தும் மிகக் குறைவாகவும், மாவுச்சத்து மிக அதிகமாகவும் சாப்பிடுபவர் அந்த வீட்டு அம்மாதான். பிறகு அவரையே பார்த்து "நீ ஏன் இப்படி ஊதிக்கிட்டே போறே?" என்று கேட்கிறோம். எடை குறைக்க அவர் முதலில் செய்வதும் அந்தச் சோற்றையும் விட்டுவிடுவதுதான். மிஞ்சுவது மயக்கம், முடி கொட்டுதல், ரத்தசோகை.

இதற்கு டயட் புத்தகம் வேண்டாம். பரிமாறுவதற்கு முன்னால், சமைத்தவர் தன் பங்குக் காயையும் பருப்பையும் முட்டையையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்துவிட வேண்டும். கூச்சமாக இருந்தால் வீட்டுக்காரர்களே, நீங்கள் எடுத்து வையுங்கள்! பிள்ளைகள் விட்ட தோசையை முடிக்கிற பொறுப்பிலிருந்தும் அம்மாவுக்கு விடுதலை கொடுங்கள். தோசையைச் சின்னதாக ஊற்றினால் மிச்சமே வராது.

அவசரம் வேண்டாம்

வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் அதுவே நல்ல வேகம். முதல் வாரத்தில் சட்டென்று இரண்டு கிலோ இறங்கினால் துள்ளிக் குதிக்காதீர்கள், பெரும்பாலும் அது தண்ணீர். மாசத்தில் பத்துக் கிலோ என்று விளம்பரம் பார்த்து இறங்குகிறவர்களுக்குப் பித்தப்பைக் கல் வருகிற அபாயம் உண்டு. பயறும் சிறுதானியமும் புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு முதல் பத்து நாள் வயிறு உப்புசமாக இருக்கும். ஒரு வேளையில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூடவே கூட்டுங்கள்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சோற்றைத் திடீரென்று குறைக்கவே கூடாது. மருந்து அதே அளவில் இருக்க, சாப்பாடு குறைந்தால் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பருப்பைக் கூட்டுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் எடை குறைப்புச் சமையல் வேண்டாம். எதுவுமே மாறாமல் எடை மட்டும் ஏறிக்கொண்டே போனால் தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

நடையா? வேண்டும், அவசியம் வேண்டும். ஆனால் மாசத்துக்கு ஒரு 14 கிலோமீட்டரைவிட, தினம் உங்கள் தெருவில் 3 கிலோமீட்டர் பெரிது. மாசத்துக்கு 90 கிலோமீட்டர் ஆகிறது, பாருங்கள்.

அதற்காகக் கிரிவலத்தை விடச் சொல்லவில்லை. அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்புமுன், வெறும் வயிற்றோடு போகாமல் ஒரு கிண்ணம் சாமைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பையில் அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம், கொய்யா இரண்டு, பாட்டிலில் உப்புப் போட்ட மோர். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கூடவே நாலு மிட்டாய். வழியில் அன்னதானம் கொடுத்தால் மறுக்காமல் ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள். விடியற்காலையில் அந்த போண்டாக் கடையைத் தாண்டும்போது வாசனை வரும்... ஒன்று வாங்கி இருவராகப் பிட்டுத் தின்னுங்கள். வீட்டில் முந்தின நாள் ஊறப்போட்ட காராமணி காத்திருக்கிறது.